அப்பா தண்ணீருக்குக் கீழே இருந்த நாட்கள்

அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். போன வாரம் மருந்து ஏற்றினார்கள். அடுத்த முறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த இடைவெளியில் இதை எழுதுகிறேன். நாலாம் நிலைப் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட அன்று கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். எங்களுக்கு நடந்த ஒரு விடயம் நான் படித்தவற்றில் எதிலும் என் கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டிலும் அது நடக்கலாம். நடந்தால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் அதை ஏன் நாங்கள் சொல்லாமல் இருந்தோம் என்பது விளங்க வேண்டுமானால் முதலில் அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும்.

அப்பா சுழியோடி. துறைமுகத்துக்குள் நிற்கும் படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார், புரப்பலரில் சிக்கிய வலையை வெட்டி எடுப்பார், அறுந்து விழுந்த நங்கூரங்களைத் தேடிக் கண்டுபிடிப்பார். மேலே வள்ளத்தில் காற்று அடிக்கும் இயந்திரம் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் வாய்க்குப் போகும். இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை மாமாவின் கையில் இருக்கும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் பக்கத்துச் சுழியோடிகள் கயிற்றை மனைவியின் சகோதரனிடம் கொடுப்பதுதான் வழக்கம். தன் தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்ற கணக்கு.

எங்கள் வள்ளத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆள் கீழே இருக்கும்போது மேலே யாரும் அவருடைய பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் கீழே இருப்பவைக்கு அந்தப் பெயர் பழகிவிடும், பிறகு அவையே கூப்பிடத் தொடங்கிவிடும் என்பார் மாமா. நான் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் இவற்றைத்தான் நம்புகிறவள். ஆனாலும் சின்ன வயதில் வள்ளத்தில் போன நாட்களில் நான் 'அப்பா' என்றுகூட வாய் திறந்ததில்லை.

அப்பாவின் நோய் இருமலில் தொடங்கியது. பிறகு தோள் உளைவு. பிறகு மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சு வாங்கினார். எக்ஸ்ரேயில் நெஞ்சின் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு இடையில் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். முதுகுப் பக்கத்தில் விறைப்பூசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கி அந்த நீரை ஒரு போத்தலில் எடுத்தார்கள். பழைய தேநீர் போன்ற நிறம்.

மாமா போத்தலைக் குனிந்து பார்த்தார். "மச்சான், உப்பிருக்கோ எண்டு ஒருக்காப் பாக்கட்டோ?"

"பார். குறைஞ்சா மேசையில உப்புத்தூள் கிடக்கு," என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்து, தாதி இருவரையும் ஏசினார்.

அதன் பிறகு பரிசோதனைகள். சீ.டி. ஸ்கானை வெளியே தனியாரிடம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காசை மாமா எங்களுக்குத் தெரியாமல் கட்டிவிட்டார். நுரையீரலிலிருந்து ஊசியால் ஒரு சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரத்தான் காலம் எடுக்கும். காத்திருக்கும் மண்டபத்துக் கதிரைகள் இரும்பு, ஒரு துவாய் கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் திகதி வாரியாக ஒரே உறையில் வையுங்கள். கேட்க வேண்டியவற்றை முன்கூட்டி எழுதி வையுங்கள், ஏனென்றால் டொக்டரின் முகத்தைக் கண்டவுடன் எல்லாம் மறந்துபோகும். எங்கள் ஊரில் மான்கள் தெருக்களில் திரியும், அந்த மண்டபத்து வாசல்வரைகூட வந்து நிற்கும். ஒரு மதியம் ஒரு மான் உள்ளே தலையை நீட்டி, வரிசையில் இருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. யாரும் அதைத் துரத்தவில்லை. தன்மேல் அதன் பார்வை நிற்கிறதா என்று எல்லாரும் கவனித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

முடிவுக்காக அப்பாவை வார்டில் வைத்திருந்தபோது, அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இது என்ன வருத்தம்? கொம்மா சளி எண்டுறா. மாமன் என்ர கண்ணைப் பாத்துக் கதைக்கிறான் இல்லை. நீ சொல்லு."

"இன்னும் முடிவு வரேல்லை அப்பா. தெரியாததை நான் சொல்லமாட்டன். வந்தவுடன நானே சொல்லுறன்."

"எதெண்டாலும்?"

"எதெண்டாலும்."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு வந்த அன்று என்னையும் அம்மாவையும் ஒரு சின்ன அறைக்குள் இருத்தி டொக்டர் சொன்னார். நுரையீரல் புற்றுநோய். மற்ற நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது. வெட்டி எடுக்கக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது. மருந்தால் சுருக்கப் பார்க்கலாம். வெளியே வந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவருக்குச் சொல்லாத. சொன்னா அவர் மனசை விட்டிடுவார்."

"கேட்டவர் அம்மா. சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப நான் சாகிறன், பிறகு சொல்லு."

வாக்குவாதப்பட்டுக்கொண்டே கட்டிலடிக்கு வந்தோம். அங்கே சொல்லுவதற்கு ஆள் இருக்கவில்லை.

அப்பா மல்லாந்து படுத்திருந்தார். அந்த வார்டின் ஜன்னல் கடலைப் பார்த்தது. மதிய வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, "கலங்கல்," என்றார். "கை நீட்டினா கை தெரியேல்லை."

"அப்பா, வார்டில இருக்கிறீங்கள்."

அவர் என் பக்கம் திரும்பினார். முகமூடிக் கண்ணாடிக்கு வெளியே போகும் மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து, கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். சுழியோடிகளின் சைகை அது. இறங்குகிறேன் என்று அர்த்தம்.

மாமா வந்து கட்டிலின் பக்கத்தில் நின்று அப்பாவின் மூச்சைக் கவனித்தார். மெதுவாக உள்ளே, இடைவெளி, மெதுவாக வெளியே. குழாயில் மூச்சு எடுக்கிறவரின் மூச்சு. மாமா கதிரையை இழுத்துப் போட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ நிக்கிறார்," என்றார் மெல்லிய குரலில். "ஒருத்தரும் பேர் சொல்லாதேங்கோ."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கணத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. நானும்தான்.

சிரமப்பட்டவர் தாதி. அவர் கிண்ணியாப் பக்கத்துக்காரர், குரல் பெரிது. "தவராசா ஐயா! கையை நீட்டுங்க ஐயா!"

மாமா எழுந்துவிட்டார். "மிஸ், பேர் சொல்லாதேங்கோ."

"பேர் கேக்காம ஊசி போட்டா எனக்கு வேலை போயிடும்."

"என்னட்டச் சொல்லுங்கோ மிஸ். நான் அவருக்குச் சொல்லுறன்."

"அப்ப ஊசியையும் உங்களுக்கே போடவா?"

மாமா உண்மையாகவே சட்டைக் கையைச் சுருட்டினார். தாதி அவரை ஒருமுறை பார்த்தார், சிரிக்கவில்லை. கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுச் சரிபார்த்து, பேசாமல் ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

அப்பா பெரும்பாலும் தூங்கினார். விழித்தால் தண்ணீர் கேட்டார். சாடியில் நிரப்ப நிரப்பத் தீர்ந்தது. அடிக்கடி சிறுநீர் போனது, ஆனால் வயிறு போகவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. இடையிடையே தாழ்ந்த குரலில், நீரடியில் கண்டதை மேலே வந்து சொல்லும் அதே ஒழுங்கில் சொன்னார்: இடது பக்கம் ஒரு படகு கவிழ்ந்தபடி, அதற்கு அப்பால் மணல், மணலில் ஆட்கள்.

"நிறையப் பேர் நிக்கினம்," என்றார் ஒரு மதியம். "எல்லாரும் மேல பாத்துக்கொண்டு நிக்கினம்."

நான் குனிந்து கேட்டேன். "ஆர்?"

"தெரியேல்லை. முகம் எல்லாம் மேல. நாடிதான் தெரியுது."

வார்டில் மின்விசிறிகள் மட்டும் சுற்றின. மற்றக் கட்டில்களில் பேச்சு நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

காலை வேளைகளில் டொக்டர்மார் சுற்றி வரும்போது நான் வேலையில் இருப்பேன். டொக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை நான் எழுதிக் கொடுக்க, அம்மாதான் வாசிப்பார். கீழே போவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா கெஞ்சினார். மாமாவும் அதையே சொன்னார். "அது வருத்தமில்லை பிள்ளை. அது அவற்ற தொழில். வாற நேரம் அவரே கயிறை இழுப்பார்." காலையில் டொக்டர் கேட்டால் அம்மா, "நல்ல நித்திரை டொக்டர்," என்பார். அந்த நேரம் அப்பா உண்மையில் நித்திரைதான். எனக்கும் வேறு ஒரு பயம் இருந்தது. புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டால், அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு அதோடு முடிந்துவிடும். கேட்காதவரை அது முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் துணையாக அவர் மனைவி மூதூரிலிருந்து வந்து நின்றார். நாங்கள் அவரை மூதூர் உம்மா என்போம். அம்மா வராத வேளைகளில் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டவர். அவருடைய மகன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் நான் வந்தபோது அவர் அப்பாவின் காதருகே குனிந்திருந்தார்.

"அண்ணன், எங்கட மகன் அங்க இரிக்கானா?"

அப்பா கண்ணைத் திறக்காமல், "எந்தப் பக்கம் போனவர்?" என்று கேட்டார். துறைமுகத்தில் தொலைந்த நங்கூரத்தைப் பற்றிக் கேட்கும் அதே குரல்.

"பவுல்முனைக்கு அங்கால."

"இருட்டு," என்றார் அப்பா. "பொறுங்கோ. பாக்கிறன்."

உம்மா பொறுத்திருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, வெற்றிலைக் கடையில் முறை வரக் காத்திருப்பதுபோல் அமைதியாக நின்றார். அப்பா தூங்கிவிட்டார். அடுத்த நாள் உம்மாவோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், வேறு வார்டுகளிலிருந்து. ஒருவர் கையில் ஒரு புகைப்படம். அம்மா அவர்களுக்கு இடம் விட்டு விலகி நின்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கீழே தேடிக் கேட்க யாரோ இருந்தார்கள்.

அப்பா இன்னும் சாகவில்லை. அதற்குள் அவரை மறுகரைக்குத் தூது போகிறவராக ஆக்கிக்கொண்டிருந்தோம். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பதில் என்னிடம் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் கீழே போனால் போதும், எனக்கு மேலே வரவேண்டும்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். தாகம், சிறுநீர், மலச்சிக்கல், பசியின்மை, தூக்கம், இந்தப் பேச்சு. எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கியவை. தொழிற்சாலையில் பல அளவுமானிகள் ஒரே நேரத்தில் பிழையாகக் காட்டினால் ஒவ்வொன்றையும் கழற்ற மாட்டோம். எல்லாவற்றுக்கும் போகும் ஒரே இணைப்பைப் பார்ப்போம். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வார்டில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மணலில் நிற்கும் ஆட்கள் உட்பட.

அவர் சிரிக்கவில்லை. சிங்களம் பேசும் பெண், தமிழைச் சொல் சொல்லாக எடுத்து வைப்பார். "மூளைக்குப் போய்விட்டதா டொக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். ஆனால் முதலில் இரத்தத்தில் கல்சியம் பார்ப்போம்."

அவர் விளக்கியதை நான் விளங்கியபடி எழுதுகிறேன். புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் எலும்பில் இருக்க வேண்டிய கல்சியம் கரைந்து இரத்தத்துக்கு வரலாம். அது கூடினால் தாகம், அதிக சிறுநீர், மலச்சிக்கல், தூக்கம், குழப்பம் எல்லாம் வரும். இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆபத்து. ஆனால் பல நேரங்களில் திருப்பலாம். நாளத்தால் சேலைன் ஏற்றுவார்கள், கல்சியத்தை எலும்பிலேயே பிடித்து வைக்கும் ஒரு மருந்தும் ஏற்றுவார்கள். அன்றே பார்த்தார்கள். கல்சியம் மிக அதிகம். அன்றே ஏற்றத் தொடங்கினார்கள்.

"சில நாள் எடுக்கும். திரும்பவும் வரலாம்," என்றார் டொக்டர். "நீங்கள் அவரோடு கதையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கே இருக்கிறார், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் கூப்பிட்டேன். அம்மா கூப்பிடவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை. தாதி பெரிய குரலில் கூப்பிட்டார், சந்தோஷமாகவே. அப்பாவிடமிருந்து அந்த நீண்ட மூச்சுத்தான் வந்தது. கூப்பிடக் கூப்பிட எனக்கே பயம் பிடித்தது, அவரைத் தவிர வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மாமா திரும்பி வந்தபோது மூன்று போத்தல் சேலைன் ஏறி முடிந்திருந்தது. குளித்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். வழமைபோல் மணிக்கட்டைப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மெல்ல, "தவம்," என்று பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார். பிறகு எழுந்து நின்று, வள்ளத்திலிருந்து கரைக்குக் கத்துவதுபோல், "தவராசா! மச்சான், மேல வா!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். "என்னடா, செவிடனைக் கூப்பிடுற மாதிரி?"

மாமா விம்மிக்கொண்டே, "பேரைச் சொல்லிப்போட்டன் மச்சான்," என்றார்.

அப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லை," என்றார். "அவைக்கு முந்தியே தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு முதுகு கடிக்கிறது, யாராவது சொறிந்துவிடுங்கோ என்றார்.

என்ன கிழமை, எந்த ஊர், என் பெயர், அம்மாவின் பெயர் எல்லாவற்றையும் அவர் பிழையில்லாமல் சொல்லும்வரை பொறுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். "நான் நிக்கமாட்டன்," என்று நிறைந்திருந்த தண்ணீர்ச் சாடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"அப்பா, நீங்கள் ஒரு கேள்வி கேட்டனீங்கள்."

"ஓம். முடிவு வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. நுரையீரலில புற்றுநோய். எலும்புக்கும் போயிட்டுது. முழுசா மாத்த ஏலாது. குறைக்கப் பாக்கலாம்."

அவர் கூரையைப் பார்த்தார். "மருந்து எடுத்தா?"

"மூச்சு லேசாகும். காலம் கூடும். எவ்வளவு எண்டு டொக்டருக்கும் தெரியாது."

"எடுக்காட்டி?"

"நோகாமல் வைச்சிருப்பினம். ஆனா கெதியில முடிஞ்சிடும்."

"சரி. எடுப்பம். ஏலாமல் வந்தா நான் சொல்லுவன். சொன்னா நிப்பாட்ட வேணும்."

"ஓம் அப்பா."

"பிளேன்ரீ கிடைக்குமோ?"

அவ்வளவுதான். அழவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. நான் தேநீரை ஆற்றிக் கொடுத்தேன். அம்மா சாடியோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சளி கொஞ்சம் இளகியிருக்கு," என்றார். அப்பா, "ஓம், இளகியிருக்கு," என்றார். நான் சொன்னது அவருக்குள் போனதா, இல்லை இன்னும் ஏதோ ஒரு நீருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டரிடம் கேட்டேன். சிலர் மெதுவாக எடுத்துக்கொள்வார்கள், அவசரப்படுத்த வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அப்பா தானாகவே சட்டை போட்டுக்கொண்டார். மூதூர் உம்மா வந்து கட்டிலடியில் நின்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "தங்கச்சி, எனக்கு ரத்தத்தில கல்சியம் கூடி அறிவு மாறிப்போச்சுதாம். அப்ப நான் கதைச்சதை நம்பி இருக்காதேங்கோ."

"டொக்டர்மாருக்கு அவங்கட கணக்கு அண்ணன். நீங்க கண்டீங்களா, இல்லையா?"

அப்பா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உங்கட மகனைக் காணேல்லை. பொய் சொல்லமாட்டன்."

உம்மா தலை குனிந்து நின்றார். திரும்பிப் போகப் போனவரை அப்பா கூப்பிட்டார்.

"மகன்ர பேர் என்ன?"

"றிஸ்வான்."

"அடையாளம் ஏதும்?"

"நாடியில ஒரு வெட்டுத் தழும்பு. சின்னதுல விழுந்தது."

அப்பா தலையை ஆட்டினார். உம்மா அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஓட்டோவில் அம்மா அப்பாவுக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். மாமா முன்னால் சாரதியோடு நெருக்கிக்கொண்டு இருந்தார். கடற்கரை வீதியில் திரும்பும்போது நான் கேட்டேன்.

"அந்த மனிசிட்ட ஏன் அப்பா பேரும் அடையாளமும் கேட்டனீங்கள்? வீணா நம்பிக்கை வைக்கப்போறா."

"கேட்டு வைக்கத்தானே வேணும்," என்றார். "நீதானே சொன்னனி, முழுசா மாத்த ஏலாது எண்டு. திருப்பி இறங்கத்தான் போறன். அப்ப ஆரைத் தேடுறது எண்டு தெரிஞ்சிருக்க வேணும்."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து அப்பாவின் கழுத்து வியர்வையைத் துடைத்தார்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு," என்றார் அம்மா. "முதல்ல வீட்டை வந்து சோறு தின்னுங்கோ."